1898-க்கு முன் செய்தது

பார்சல் கட்டுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் டேப்பைக் கஞ்சத்தனமாகத்தான் ஒட்டுகிறார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் எழுதிக்கொண்டாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. பெட்டியின் நடுக்கோட்டில் ஒரு பட்டை ஒட்டி, மேலே ஒரு தட்டு தட்டி, கவுன்டரில் வைத்துவிடுவார்கள். இரண்டு ஓரங்களும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முப்பத்தொரு வருடமாக இந்த ஜன்னலில் உட்கார்ந்து அந்த ஓரங்களை நான்தான் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

நீங்கள் வந்தது கோழிக்குஞ்சுப் பெட்டி விஷயமாக என்று எனக்குத் தெரியும். அதற்கான பதில் மேஜைமேல் இருக்கிறது. நூறு குஞ்சு வந்தது, நூறும் உயிரோடு போய்ச் சேர்ந்தது, நடுவில் பதினேழு குஞ்சுகள் அரை மணி நேரம் தபாலகத்தைச் சுற்றிப் பார்த்தன. அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், கையில் பேனாவும் இருக்கிறது. அதனால் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. அது ஒரு துப்பாக்கியைப் பற்றியது. காப்பியைக் குடியுங்கள். அதில் குண்டு கிடையாது.

என் பெயர் மெர்ல் ஆஸ்ட்ரண்டர். நெப்ராஸ்காவில் இந்த டாலிவர் ஊரின் தபாலகத்துக்கு எழுத்தர், தலைவர், தரை துடைப்பவர் எல்லாம் நான்தான். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் கேப்டன் ஓரின் டாலிவர். 1891-ல் ஐந்து கொள்ளைக்காரர்கள் வங்கிக்கு வந்தபோது, அவர் ஒற்றை ஆளாக வங்கிப் படியில் நின்று, ஒற்றைத் துப்பாக்கியைக் காட்டி, ஒரு குண்டுகூடச் சுடாமல் விரட்டியடித்தார். இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை டாலிவர் தினம். காலையில் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக், பிறகு டிராக்டர் ஊர்வலம், சரியாகப் பத்து மணிக்கு வங்கிப் படியில் நாடகம்.

அந்த நாடகத்தில் இருபத்திரண்டு வருடம் கேப்டனாக நடித்தது நான். அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். மீசையை ஏப்ரலிலிருந்தே வளர்க்க ஆரம்பிப்பேன். ஒட்டு மீசை வைத்துக்கொண்டு ஊரைக் காப்பாற்ற என் மனம் ஒப்பவில்லை. "இந்தப் படியில ஒரு கால் வச்சே, இன்னொரு கால் உனக்கு இருக்காது" என்று நான் சொல்லும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களெல்லாம் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். இதுவும் சம்பந்தமில்லாதது.

கேப்டனின் கைத்துப்பாக்கி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சிவப்பு வெல்வெட் ஒட்டிய பலகையில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எந்தக் காலத்தில் கட்டினார்களோ, அன்றிலிருந்து ஊர் பார்த்தது அதன் வலது பக்கத்தை மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, லொரெட்டா ஹேவர்கேம்ப் அந்தத் துப்பாக்கியோடு என் ஜன்னலுக்கு வந்தார். வயது எழுபத்தெட்டு. நூலகத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான், வரலாற்றுச் சங்கத்தின் தலைவியும் அவர்தான். சங்கத்தில் மொத்தம் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் அவர் சொன்னதைக் கேட்பவர்கள், ஒருவருக்குக் காது கேட்காது. கணவர் போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. வயோமிங்கில் ஒரு பெரிய அருங்காட்சியகம் கேப்டனின் துப்பாக்கியை ஒரு வருடம் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பெட்டியின் நாலு பக்கமும் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்: "கேப்டன் டாலிவரின் துப்பாக்கி. பத்திரம்."

"மேடம், இப்படி எழுதக் கூடாது" என்றேன்.

"ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

"உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியக் கூடாது. ரூல்."

"தெரியாட்டி எப்படி மெர்ல் பத்திரமா தூக்குவான்?"

"தெரிஞ்சா ரொம்பப் பத்திரமாத் தூக்கிடுவான், மேடம்."

விதியை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். சாதாரண ஜனங்கள் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக் கூடாது. ஆனால் 1898-லோ அதற்கு முன்போ செய்ததென்றால் அது அரும்பொருள், அனுப்பலாம். அப்படித்தான் என்று அனுப்புகிறவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், குண்டு இருக்கக் கூடாது, வெளியே அடையாளம் இருக்கக் கூடாது. 1898 டிசம்பர் கடைசி நாள் பிறந்த துப்பாக்கி அரும்பொருள், மறுநாள் பிறந்தது ஆயுதம். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்? கோடு இல்லாவிட்டால் ஆளாளுக்கு வாழைப்பழத்தைக்கூட உறையில் போட்டு அனுப்புவார்கள். ஒருவர் அனுப்பினார்.

குண்டு இருக்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். கம்பியை அவரே கழற்றியிருந்தார். திருப்பினேன். இத்தனை காலம் வெல்வெட்டோடு ஒட்டிக் கிடந்த இடது பக்கத்தில், பிடிக்குச் சற்று மேலே, அரிசி அளவு எழுத்தில் பொறித்திருந்தது: காப்புரிமை, 1906.

கேப்டன் இறந்தது 1902-ல். லூதரன் தேவாலயத்துக்குப் பின்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியை அவர் பிடித்திருக்க வேண்டுமென்றால், புதைத்து நாலு வருடம் கழித்து எழுந்து வந்து கடைக்குப் போயிருக்க வேண்டும். என் கட்டைவிரல் தானாகவே அந்த எழுத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்ன மெர்ல், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்ல. குண்டு இருக்கான்னு பார்த்தேன்."

"குண்டு இருந்திருந்தா, லைப்ரரியில சத்தம் போட்டவன் ஒருத்தனையாவது இந்நேரம் சுட்டிருப்பேன்."

நான் மெதுவாகக் கேட்டேன். "மேடம், இது எந்த வருஷம் செஞ்சதுன்னு உறுதியாத் தெரியுமா?"

"கொள்ளைக்காரங்க வந்தது தொண்ணூத்தொண்ணுல. துப்பாக்கிய அதுக்கப்புறமா செஞ்சிருப்பாங்க? கேப்டன் என்ன, விரலை நீட்டியா மிரட்டினாரு?"

பெயின்ட் எழுத்து இல்லாத பெட்டியோடு அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

என் நிலைமையைப் பாருங்கள், சார். இப்படியே வாங்கினால் பொய்யான உறுதிமொழியை வாங்கியவன் ஆவேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய் உறுதிமொழியும் என் ஜன்னலைத் தாண்டியதில்லை. காரணத்தைச் சொல்லித் திருப்பினால் கேப்டன் போனார், ஊர் போயிற்று, லொரெட்டாவின் அந்தச் சிரிப்பும் போயிற்று. உரிமம் உள்ள துப்பாக்கி வியாபாரி மூலம் அனுப்பலாம், ஆனால் அப்படி அனுப்பினாலே அது பழம்பொருள் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஓர் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அந்த எழுத்து போய்விடும் என்பதும் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டேன். சுரண்டினால் எழுத்துதான் போகும், வருடம் போகாது. இரும்பில் பொய் சொல்கிற ஆள் நான் இல்லை.

நேர்மையான வழி ஒன்றுதான் இருந்தது. உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டுமென்றால், பெட்டிக்குள் உண்மையிலேயே 1898-க்கு முன் செய்த துப்பாக்கி இருக்க வேண்டும்.

ஓஹியோவில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் பழைய துப்பாக்கிகள் சேர்க்கிறார், விற்கிறார். அவரிடம் அதே கம்பெனி செய்த 1888-ம் வருடத்துத் துப்பாக்கி இருந்தது. இரண்டும் அக்கா தங்கை ஜாடை. வாங்குவதற்காக என் மீன்பிடிப் படகை விற்றேன்.

என் மனைவி டார்லீன் கராஜைப் பார்த்துவிட்டு வந்தாள். "படகு எங்க?"

"வித்துட்டேன். பழைய பொருள் ஒண்ணு வாங்க வேண்டியிருந்துச்சு."

"இந்த வீட்ல பழைய பொருளுக்கு என்ன குறைச்சல்? அதான் நீ இருக்கியே."

துப்பாக்கி வந்து சேரும்வரை லொரெட்டாவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் ஒரு விதியையும் புதிதாகச் செய்யவில்லை. இருக்கிற விதியே போதும். இரண்டாவது செவ்வாய் அவர் விஸ்கி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார், மதுபானப் பெயர் வெளியே தெரிந்தது, திருப்பினேன். மூன்றாவது செவ்வாய் பழுப்புக் காகிதம் சுற்றிச் சணல் கயிறு கட்டியிருந்தார், கயிறு இயந்திரத்தில் சிக்கும் என்று திருப்பினேன்.

"மெர்ல், நான் பொணமாப் போனா என்னை எந்தப் பெட்டியில போடணும்னு இப்பவே சொல்லிடு. அப்பத் திருப்பி அனுப்பிடப் போறே" என்றார்.

மறுநாள் ஓஹியோ பார்சல் வந்தது. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும், சார். பெட்டிக்குள் பெட்டி. எல்லா ஓரத்திலும் டேப், உள்ளேயும் வெளியேயும். வெளியே ஒரு எழுத்து கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் கூப்பிட்டால் நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். பிடியின் மரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, ஷூ பாலிஷ் போட்டுச் சரிசெய்தேன்.

நாலாவது செவ்வாய் லொரெட்டா புதுப் பெட்டியோடு வந்தார். கடைசியாக ஒருமுறை குண்டு பார்க்க வேண்டும் என்று உள்ளறைக்கு எடுத்துப் போனேன். ஒன்று உள்ளே போயிற்று, ஒன்று வெளியே வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நிமிடத்தில் அது இன்னும் தபால் ஆகவில்லை. முத்திரை விழவில்லை, ரசீது போடவில்லை. ஆகையால் நான் தபாலில் கைவைக்கவில்லை. கவுன்டரில் இருந்த ஒரு பொருளில்தான் கைவைத்தேன்.

"1898-க்கு முன்ன செஞ்சதுதானே?" என்று கேட்டேன்.

"சத்தியமா" என்றார் லொரெட்டா.

அவர் சொன்னது உண்மை. முத்திரையைக் குத்தினேன். அன்று மத்தியானம் சாப்பாடு ருசியாக இருந்தது.

ஜூன் மாதம் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய நிபுணர் சுத்தம் செய்வதற்காகப் பிடியின் மரப்பலகையைக் கழற்றியிருக்கிறார். உட்புறத்தில் கத்தியால் கீறி எழுதியிருந்ததாம்: "ஹேட்டியோடது. கையை எடு. 1889."

முதல் இரண்டு நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான். 1889 என்று எழுத்திலேயே இருக்கிறது, என் முத்திரைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூன்றாவது நிமிடத்தில்தான் ஹேட்டி என்ற பெயர் உறைத்தது. பிடிக்கு உள்ளே பார்க்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை, சார். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாரமே தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர்க்கூட்டம். ஆளுக்கொரு கேசரோல் பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள், அடியில் பெயர் எழுதிய டேப்போடு. அங்கெல்லாம் டேப்பைத் தாராளமாகத்தான் ஒட்டுகிறார்கள். லொரெட்டா பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். அதில் ஹேட்டி க்ளாப் என்று ஒரு பெயர் இருந்தது. கேப்டன் வீட்டுச் சமையல்காரி. அந்தக் காலத்து நெப்ராஸ்காவில் தெருவுக்கு இரண்டு ஹேட்டி இருந்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு கேப்டன் தங்கைக்கு எழுதிய கடிதத்தை எடுத்தார். அவர் கைப்பட எழுதியதில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். லொரெட்டா சத்தமாக வாசித்தார்: "அன்று ஹேட்டி மட்டும் இல்லையென்றால் நான் பிழைத்திருக்க மாட்டேன்."

"அது சூப்பைப் பத்தினது" என்றேன் நான். "அதுக்கு முந்தின வரியில வயித்துப்போக்குன்னு எழுதியிருக்காரு."

"மெர்ல், சூப்புக்கு யாராவது இப்படி உருகி எழுதுவாங்களா?"

"நல்ல சூப்பா இருந்தா எழுதுவாங்க."

"அஞ்சு கொள்ளைக்காரனைப் பார்த்தா வயித்துப்போக்கு வராதா?" என்றார் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள். ஊரே கைதட்டியது.

வர்ஜில் எழுந்தான். ஹார்ட்வேர் கடைக்காரன், நாடகத்தில் கொள்ளைக்காரர்களின் தலைவனாக இருபத்திரண்டு வருடமாக என்னிடம் தோற்றவன். "அப்படின்னா, ஹேட்டி படியில நிக்கும்போது கேப்டன் எங்க இருந்தாரு?" என்று கேட்டான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றேன்.

"வங்கிக்குப் பக்கத்துல அப்ப மளிகைக் கடை" என்று யோசித்தபடி சொன்னார் லொரெட்டா. "மாவுப் பீப்பாய் இருந்திருக்கும்."

வாக்கெடுப்பு நடந்தது. பீப்பாய்க்கு ஆதரவாக நாற்பத்தொன்று, எதிராக ஒன்று. டார்லீனும் ஆதரவாகத்தான் கை தூக்கினாள். பீப்பாய் என்றால் படகு மாதிரி காணாமல் போகாது என்று பிறகு விளக்கம் சொன்னாள்.

அன்றைக்கே நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் 1906-ஐயும் சொல்ல வேண்டும். சமையல்காரி போவாள், கூடவே கேப்டனும் போவார். பீப்பாய்க்குள் இருந்தாலும் கேப்டன் கேப்டன்தானே என்று நினைத்தேன். ஒரு வருடத்தில் ஊர் மறந்துவிடும் என்றும் நினைத்தேன்.

ஆகஸ்டில் புது நாடகம் நடந்தது. லொரெட்டா ஒரு கையில் சூப்புக் கரண்டி, ஒரு கையில் துப்பாக்கியோடு படியில் நின்றார். என் வசனத்தை அவர் சொன்னார். அந்த ஒரு கால், இன்னொரு கால் வசனத்தை. முன்வரிசையில் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு ஒரே ஒரு வசனம் மிச்சம் வைத்திருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் ஓடியதும் பீப்பாய் மூடியைத் தலையால் தூக்கி, முகமெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்து, "ஹேட்டி, போயிட்டாங்களா?" என்று கேட்க வேண்டும்.

ஐந்து நிமிடம் சிரித்தார்கள், சார். ஒரு ஆள் நாற்காலியோடு சாய்ந்தான். டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இத்தன வருஷத்துல நீ இவ்வளவு இயல்பா நடிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

அதன் பிறகு ஊர் மறக்கவில்லை. கீழே விழுந்த தபால்தலையை எடுக்க நான் கவுன்டருக்கு அடியில் குனிந்தால், வரிசையில் நிற்பவர்கள் ஒரே குரலில், "போயிட்டாங்களா?" என்கிறார்கள். வர்ஜில் தினமும் காலையில் கதவைத் திறந்து, "மெர்ல், வெளிய வா, ரோட்ல யாருமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் தபால் வாங்குகிறான். மீசை வைத்திருக்கிறேன். மாவு அதில்தான் முதலில் ஒட்டுகிறது. இதெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. சம்பந்தமில்லாதது.

லொரெட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மாறிவிட்டார். நூலகத்தில் சத்தம் போட்டால்கூட இப்போது சிரிக்கிறார். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள், சிறுமிகள் கரண்டியைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார்கள். பத்து வருடம் குறைந்துவிட்டது அவருக்கு. "மெர்ல், நீ அன்னைக்கு அத்தனை தடவ திருப்பி அனுப்பி ஒழுங்காக் கட்டவச்சதாலதான் ஹேட்டி நமக்குக் கிடைச்சா" என்று வாராவாரம் எனக்கு ருபார்ப் பை, புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடுகிற பலகாரம், செய்துகொண்டு வருகிறார். மிக நல்ல பை. அடிப்பாகம் நமுத்துப்போகாமல் சுடுவது எல்லாருக்கும் வராது. நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் உங்களிடம் ஒப்புக்கொள்வது என்ற முடிவுக்கு வந்தேன்.

போன மாதம் ஊர் வைக்கப்போகும் சிலைக்கான அச்சைக் காட்டினார்கள். நாளை மறுநாள், சனிக்கிழமை, திறக்கிறார்கள். வெண்கலத்தில் ஹேட்டி, ஆளுயரம். பக்கத்தில் ஒரு பீப்பாய். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு கண்கள். சிற்பிக்குக் கேப்டனின் படம் கிடைக்கவில்லையாம், என் படத்தை வைத்துச் செய்திருக்கிறார். அவை என் கண்கள், சார். இடது புருவத்தில் இருக்கும் தழும்பைக்கூட விடவில்லை. வெண்கலம் மழையில் கரையாது என்று சிற்பி பெருமையாகச் சொன்னார்.

அதனால்தான், உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காகத்தான், உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கியை மாற்றியது நான். ஹேட்டியின் துப்பாக்கி யாரோ ஒரு ஹேட்டியின் துப்பாக்கி. எங்கள் துப்பாக்கி அந்த மாவுப் பீப்பாயின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. வேறு யாரும் அதற்குள் இறங்க மாட்டார்கள் என்பதால் அங்கே வைத்தேன். இரண்டு ஆகஸ்டும் நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். சௌகரியமாக இல்லை.

லொரெட்டா அழுவார். அதையும் யோசித்துவிட்டேன். ஜன்னலோரம் டிஷ்யூ பெட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், புதியது, பிரிக்காதது. சிலையை உருக்கிக் கேப்டனாக வார்க்க எவ்வளவு நாளாகும் என்று ஒரு பட்டறையில் விசாரித்தும் வைத்திருக்கிறேன். கரண்டியை வாளாக மாற்றுவது சுலபமாம்.

ஏன் புருவத்தைத் தூக்குகிறீர்கள்? ஓ, 1906. எந்த 1906? நீங்களே போய் எடுத்துப் பாருங்கள். அந்த இடம் வழவழவென்று இருக்கும். போன வாரம் கொஞ்சம் துருவைத் தேய்த்தேன். இரண்டே இழுப்பு.

இவ்வளவு நேரம் சொன்னதைச் சும்மா பேச்சாக வைத்துக்கொள்வோம். வாக்குமூலத்தில் என்ன எழுதுவது என்பதை நான் தட்டெழுதியே வைத்திருக்கிறேன், உங்கள் கை வலிக்க வேண்டாம். கேப்டனின் அசல் துப்பாக்கி தபாலில் தொலைந்துவிடுமோ என்று பயந்து, அதைப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொன்றை அனுப்பினேன். அவ்வளவுதான். பதிவுத் தபால் தொலையும் என்று எழுத எனக்குக் கை கூசியது, மறைக்கவில்லை. பதிவுத் தபால் தொலைந்து நான் பார்த்ததில்லை. மூன்று தடவை தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் இதில் ஊருக்குக் கேப்டன் கிடைத்துவிடுகிறார். சனிக்கிழமை பத்து மணிக்குப் படியில் நிற்க ஒரு ஆள் வேண்டும், மீசையும் தயாராக இருக்கிறது. கேப்டனாக நடிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டுமல்லவா? இன்றைக்கே லொரெட்டாவின் முகத்தைப் பார்த்து நானே சொல்லப் போகிறேன். நேருக்கு நேர். ஒரு கால், இன்னொரு கால் என்று.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

வாசல் மணி அடித்தது. ருபார்ப் பை வாசனை வருகிறது. அவர்தான்.

பேனா கீழே விழுந்துவிட்டது, ஒரு நிமிடம். இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், மேஜைக்கடியில் எங்கோ உருண்டிருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன். நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லுங்கள். பையைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இங்கே இடம் தாராளமாகத்தான் இருக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் என் கால் வெளியே தெரியாது. அந்தத் தாளைக் கீழே நீட்டுங்கள், இங்கிருந்தே போட்டுவிடுகிறேன்.

சார், போயிட்டாங்களா?